தமிழில் வந்த உத்தரவு

எங்கள் சைட்டில் தினமும் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். டூல்பாக்ஸ் டாக் என்று அதற்குப் பெயர். டூலும் கிடையாது, பாக்ஸும் கிடையாது, பேச்சு மட்டும்தான். சேஃப்டி ஆபீசர் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசுவார். தண்ணீர் நிறையக் குடியுங்கள், கையுறை போடுங்கள், பாம்பைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், இப்படி. அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அவர் "அண்டர்ஸ்டுட்?" என்று கேட்பார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள். அவர் ஒரு படம் எடுத்து, எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுத்த கிளையண்டுக்கு அனுப்புவார். படம் போய்விட்டால் அன்றைக்கு எல்லோரும் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அர்த்தம். கலாஸ், முடிந்தது.

நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை. வேளாண்மை படித்தவன். செடி, மண், நீர் என்றால் எனக்குப் பைத்தியம். பாலைவனத்தில் பூங்கா போடுகிறார்கள், சாக்கடை நீரைச் சுத்தம் செய்து மரம் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்படியே விசா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அமீரகத்துக் கடலோர நகரம் ஒன்றின் விளிம்பில், பெரிய பூங்காவில், லேண்ட்ஸ்கேப் சூப்பர்வைசர். நகரத்தின் பெயரையோ, கம்பெனியின் பெயரையோ, ஆட்களின் பெயரையோ எழுதப்போவதில்லை. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். பயம்தான் காரணம், வேறு நாகரிகமெல்லாம் இல்லை.

எங்கள் கேங்கில் பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். கரும்புக் காட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஃபோர்மேனாக இருந்தவரும் அந்தப் பக்கம்தான். அவருடைய மனைவியின் தம்பியும் அதே கேங்கில் இருந்தான். அவரை மாமா என்று கூப்பிடுவான். மற்றவர்களுக்கு அவர் மேஸ்திரி அண்ணன். என்னை அவர்கள் சார் என்று கூப்பிட்டாலும் அதில் கொஞ்சம் கிண்டல் இருக்கும்.

"சார் நேத்து பாம்பு பக்கத்துல போவாதன்னு சொன்னாரு. பாம்பு எங்க பக்கத்துல வந்தா என்னா செய்யறதுன்னு சொல்லலையே" என்பான் அந்த மச்சான்.

"அதுக்கு நாளைக்குத் தனியா டாக் இருக்குது. கட்டைவிரலைத் தயாரா வச்சுக்க" என்பார் ஃபோர்மேன்.

பூங்காவின் முகப்பில் புல்வெளி, பூப்பாத்தி, செயற்கை அருவி. பின்பக்கம் யாரும் பார்க்காத ஒரு பள்ளம். உபரி நீர் வடிந்து வடிந்து அங்கே நாணல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. குப்பை லாரியின் நடையைக் கம்பெனி குறைத்த பிறகு, வெட்டிய பேரீச்சை மட்டைகளையும் அந்தப் பள்ளத்தில்தான் கொட்டினோம். மாதக்கணக்கில் கொட்டினோம். அது வெளியே தெரியக்கூடாது என்று பூங்காப் பக்கமாக டமாஸ் செடியில் ஒரு வேலி. இரண்டு ஆள் உயரம். வாரம் தவறாமல் கத்தரித்துக் கத்தரித்துச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வழவழவென்று வைத்திருந்தோம். அந்தப் பக்கம் கம்பி வேலி. உள்ளே போகவும் வரவும் ஒரு டிராக்டர் நுழைகிற அளவு வழி ஒன்றுதான். அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்துக் கிளையண்ட் எஞ்சினியர் கைதட்டியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை.

நான் சொல்லவந்த நாளுக்கு மறுநாள் மலர்க் கண்காட்சித் திறப்பு. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். மேனேஜர் காலையிலிருந்து ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் பள்ளத்தின் கோடியிலிருந்து புகை கிளம்பியது. தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விளக்குக் கட்ட வந்தவர்கள் அந்தப் பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஃபோர்மேன் உடனே மேனேஜரைக் கூப்பிட்டார். கையில் கையுறை இருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் நான் நின்றேன், மச்சான் நின்றான், இன்னும் சில பேர் நின்றார்கள். மேனேஜர் எங்கள் ஆட்களின் மாவட்டத்துக்காரர். ஆனாலும் சைட்டில் எங்கள் யாரிடமும் அவர் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத் தமிழில் பேசினார்.

"சார், நாணல்ல தீ. ஃபயர் சர்வீஸைக் கூப்பிடறன் சார்."

"கூப்பிட்டுத் தொலைக்காத. சைரன் அடிச்சிக்கிட்டு வண்டி வந்தா சைட்டை மூடிருவான். நாளைக்குத் திறப்புய்யா. ஊர்ல கரும்புக் கொல்லையில எத்தனை தடவை சோகை கொளுத்தியிருப்ப? எதிர்ல ஒரு நெருப்பு வை. ரெண்டும் முட்டிக்கிட்டு அணைஞ்சிரும். இதெல்லாம் நான் சொல்லிக் குடுக்கணுமா?"

"சார், இது நம்ம ஊரு காத்து இல்ல சார்."

"காத்து எல்லா ஊர்லயும் காத்துதான். ஆளுங்களை இறக்கு. யல்லா."

ஃபோன் கட்டாகிவிட்டது. ஃபோர்மேன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "தம்பி, நீ போயி அந்த வால்வைத் தொற. ஓடு" என்றார். நான் ஓடினேன். அவர் மண்வெட்டியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஒற்றை வழியில் இறங்கினார்.

சோகை கொளுத்துவது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரும்பு வெட்டிய பிறகு காய்ந்த தாள் கொல்லை முழுக்கக் கிடக்கும். அதைக் கொளுத்தும்போது தீ அடுத்தவன் கொல்லைக்குப் போய்விடக் கூடாது. அதனால் தீ போகிற திசையில், வரப்போரமாக, முன்கூட்டியே இன்னொரு தீ வைத்து ஒரு பட்டை அளவுக்கு எரித்துவிடுவார்கள். பெரிய தீ அங்கே வந்து சேரும்போது தின்ன ஒன்றும் இருக்காது. நல்ல முறைதான். ஆனால் ஊரில் காற்று எப்போது எந்தப் பக்கம் அடிக்கும் என்று அவர்களுக்கு உடம்பிலேயே தெரியும். இங்கே கடல். காலையில் பாலைவனத்திலிருந்து காற்று போகும். மதியம் திரும்பிக் கடலிலிருந்து வரும். எந்த நிமிடத்தில் திரும்பும் என்பது அன்றன்றைய வெயிலின் இஷ்டம்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. எதிர்த்தீ பட்டையாக எரிந்து கருகியது. "வால்வைத் தொறக்கப் போன சார் இன்னும் சாவி தேடிக்கிட்டு இருக்காருடா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இதைப் பிறகு மச்சான் சொன்னான்.

நான் வால்வை முழுக்கத் திறந்துவிட்டேன். குழாயில் ஒரு குழந்தை ஒன்றுக்குப் போவது போலத் தண்ணீர் வந்தது. மொத்த நீரையும் முன்பக்கத்துச் செயற்கை அருவிக்குத் திருப்பியிருந்தார்கள். நாளைக்கு அருவி விழ வேண்டுமே. நான் குனிந்து குழாயைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தபோது, அதுவரை முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று முகத்தில் பட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் சத்தம் வந்தது. நாணல் எரிகிற சத்தம் வெடிச் சரம் மாதிரி இருக்கும்.

இரண்டு தீயும் சேர்ந்துகொண்டு வழியை நோக்கி வந்தன. வழியோரம் நின்ற மச்சான் கையில் சூட்டுக் காயத்தோடு வெளியே வந்துவிட்டான். இன்னும் சிலரும் வந்தார்கள். உள்ளே தள்ளி நின்ற இரண்டு பேர் பச்சையாகத் தெரிந்த டமாஸ் வேலியை நோக்கி ஓடியிருக்கிறார்கள். பச்சை எரியாது என்று நினைத்திருப்பார்கள். வெளியேதான் அது பச்சை. கத்தரித்துக் கத்தரித்து உள்ளே முழுக்கக் காய்ந்த குச்சி. புகுந்து வெளியே வரவும் முடியாது. அத்தனை நெருக்கமாக வளர்த்திருந்தோம். நாங்களே வளர்த்த சுவர்.

"மாமா வெளிய வந்துட்டாரு. நான் பாத்தன். திரும்ப உள்ள போனாரு. அவனுங்க ரெண்டு பேரும் கத்துனாங்க, அதுக்குப் போனாரு" என்றான் மச்சான்.

மூன்று பேரும் வரவில்லை.

திறப்பு விழா ரத்தாகவில்லை, கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். பள்ளத்துக்கு முன்னால் கண்காட்சிப் படம் அச்சடித்த பெரிய துணியைக் கட்டினார்கள். சிரிக்கும் குழந்தைகள், டியூலிப் பூக்கள். அருவி விழுந்தது.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ஆழ்ந்த வருத்தம் என்று ஆரம்பித்து, அனுமதி இல்லாமல் தன்னிச்சையாக நெருப்பு வைத்த ஒரு பணியாளரின் செயலே விபத்துக்குக் காரணம் என்று முடிந்தது. உத்தரவு தமிழில் வந்தது. மறுப்பு ஆங்கிலத்தில் வந்தது. எனக்கு மண்டைக்குள் என்னவோ சுர்ரென்று ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

ஆங்கிலத்தில் இருப்பதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சேதி ஊருக்குப் போய்விட்டது. இறந்த மற்ற இருவரில் ஒருவர் ஃபோர்மேனின் பக்கத்து ஊர். ஃபோர்மேன் சொல்லித்தான் இங்கே வேலைக்கு வந்தவர். அவருடைய அம்மா ஃபோர்மேன் வீட்டு வாசலில் வந்து நின்று, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருக்கிறார். ஃபோர்மேனின் மனைவி எனக்கு ஃபோன் செய்தார். அதுவரை அவரிடம் பேசியதில்லை.

"தம்பி, நெருப்பு வச்சது இவருதான்னு சொல்றாங்க. ஆமாவா?"

"ஆமா அக்கா. ஆனா வைக்கச் சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

"நீ கேட்டது சரி. நான் சொன்னா இங்க யாரு நம்புவாங்க? புருசனுக்காகப் பேசறான்னுவாங்க. என் தம்பி சொன்னாலும் அதேதான். கொழாயடிக்குப் போனா எல்லாரும் கொடத்தை எடுத்துக்கிட்டு நவுந்துடறாங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது. அங்க இருந்தவங்க எல்லாரும் சேந்து அவங்கவங்க வீட்டுக்குச் சொல்லணும் தம்பி."

சொல்லலாம்தான். ஆனால் நாங்கள் தங்கியிருந்த கேம்பில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பேசினால் விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்பிவிடுவார்கள் என்று யாரும் வாய்விட்டு மிரட்டவில்லை. மிரட்டத் தேவையே இல்லை.

சைட்டில் எங்கள் வேலையை நிறுத்திவைத்திருந்த அந்த நாட்களில் ரூமில் படுத்துக்கொண்டு ஃபோனில் கண்டதையும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கு முன்னால், பொருளாதார மந்த காலத்தில், ஒரு நகரப் பூங்காவில் இப்படியே நடந்திருக்கிறது. பிழைப்பில்லாமல் நிவாரண வேலைக்கு வந்து பூங்காவில் புதர் வெட்டிக்கொண்டிருந்தவர்களைத் தீயணைக்கப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். கையில் மண்வெட்டி. தீயணைக்கப் பழகியவர்கள் இல்லை. எதிர்த்தீ வைத்தார்கள் என்றும், காற்று திரும்பியது என்றும் எழுதியிருக்கிறது. படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அப்படியானால் இது தெரியாத விஷயம் இல்லை. எழுதிவைத்த விஷயம். பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியவர்களும் மேனேஜர்களும் ஒரு மதியம் உட்கார்ந்தால் படித்துவிடக் கூடிய விஷயம். நாங்கள் பாம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்தக் காலை வந்தது. தீக்குப் பிறகு நடந்த முதல் டூல்பாக்ஸ் டாக். மேனேஜரும் வந்து, எல்லோருக்கும் பின்னால், காரில் சாய்ந்துகொண்டு நின்றார். சேஃப்டி ஆபீசர் வட இந்தியர், தமிழ் ஒரு சொல் தெரியாது. கையிலிருந்த தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார்: ஒரு பணியாளர் யாருடைய உத்தரவும் இல்லாமல் நெருப்பு வைத்தார், அதனால் அவரும் சக பணியாளர்கள் இருவரும் இறந்தார்கள், இனி யாரும் இப்படிச் செய்யக் கூடாது. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். முறைப்படி இப்போது என் முறை.

எனக்கு ஒன்று தெரிந்தது. இங்கே காலையில் தமிழில் சொல்லப்படுவது மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் விழுப்புரம் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். நான் இதைத் தமிழில் சொல்லிவிட்டால், கம்பெனி சொன்னதாக இருந்தது கேங்கே சொன்னதாக ஆகிவிடும். சூப்பர்வைசரே சொன்னாராம் என்பார்கள். பக்கத்தில் நின்றவராம் என்பார்கள்.

மச்சான் முன்வரிசையில் நின்றான். கையில் கட்டு. என்னைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன்: "இவர் இங்கிலீஷ்ல படிச்சது என்னன்னா, மேஸ்திரி அண்ணன் யாரும் சொல்லாம தானா நெருப்பு வச்சாராம். அதனாலதான் மூணு பேரும் செத்தாங்களாம். இது பொய். ஃபயர் சர்வீஸைக் கூப்பிடறேன்னு அவர் சொன்னாரு. கூப்பிடாதன்னு ஃபோன்ல பதில் வந்துச்சு. எதிர்த்தீ வைன்னு சொன்னதும் ஃபோன்தான். நான் கேட்டேன். உங்கள்ல நாலஞ்சு பேரும் கேட்டீங்க. வீட்டுக்குப் பேசறவங்க இதைச் சொல்லுங்க."

சேஃப்டி ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் நன்றாக மொழிபெயர்ப்பதாக நினைத்திருப்பார். அங்கே நின்ற அதிகாரிகளில் நான் பேசியது ஒருவருக்குத்தான் புரியும். அவர் பேசாமல் இருந்தால் நான் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசினால் தமிழில் பேச வேண்டும்.

"டேய். என்னடா சொல்ற நீ? வாய மூடு" என்றார் மேனேஜர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மச்சான், மிக மரியாதையாக, "சார், அன்னைக்கு ஃபோன்ல வந்தது இதே கொரலுதான சார்" என்றான்.

"உன்ன நான் கேக்கலடா."

"இல்ல சார். காத்து எல்லா ஊர்லயும் காத்துதான்னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் நீங்க தமிழ் பேசி நான் இப்பத்தான் கேக்கறன். அதான்."

பின்வரிசையில் ஒருவன் இருமினான். அது சிரிப்பாகவும் இருக்கலாம். மேனேஜரின் முகம் மாறியதைப் பார்த்த சேஃப்டி ஆபீசருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. அவசரமாக ஃபோனைத் தூக்கி "அண்டர்ஸ்டுட்?" என்றார்.

ஒரு கைகூட உயரவில்லை. "யல்லா, தம்ஸ் அப், ஜல்தி" என்றார். ஆட்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குப் படம் எடுக்கவில்லை.

ஆனால் கிளையண்டுக்குப் படம் போயாக வேண்டும். மதியம் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. அன்றைய தேதி போட்டு, விபத்து குறித்து ஊழியர்களுக்கு விளக்கப்பட்டது, அனைவரும் புரிந்துகொண்டனர் என்று எழுதியிருந்தது. படம் பழையது. நெருப்புக்கு முன்னால் என்றைக்கோ எடுத்தது. அவசரத்தில் யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். பின்வரிசையில் இறந்துபோன மூன்று பேரும் நின்றார்கள். நடுவில் ஃபோர்மேன், பல் தெரியச் சிரித்தபடி, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு. தன் சாவுக்குத் தானே காரணம் என்று புரிந்துகொண்டாராம்.

என்னால் உட்கார முடியவில்லை. அந்த மூன்று முகத்தையும் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, கிளையண்ட் எஞ்சினியருக்கு நேராக அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: இந்த மூவரும் இன்று காலை கூட்டத்துக்கு வந்திருக்கச் சாத்தியமில்லை.

அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வந்தார். நான் சொன்னேன், மச்சான் சொன்னான், அவனைப் பார்த்து மற்றவர்களும் சொன்னார்கள். அறிக்கையிலிருந்து தன்னிச்சையாக என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. மேனேஜர் கைதாகவில்லை. வேறொரு பூங்காவில் இருக்கிறாராம். டமாஸ் வேலியைத் திரும்ப நட்டிருக்கிறார்கள். இதற்குள் இடுப்பளவு வந்திருக்கும். என் வேலை போய்விட்டது. இப்போது ஒரு பேச்சுலர் ரூமில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மச்சானை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் அந்த அக்கா ஃபோன் செய்தார். பக்கத்து ஊர் அம்மா ஒரு நாள் வந்து வாசப்படியில் உட்கார்ந்திருந்தாராம். தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டுப் போனாராம். மகள் பள்ளிக்கூடம் போகிறாளாம்.

"தம்பி, கட்டைவெரலைத் தூக்கிக்கிட்டு சிரிக்கறாரே, அந்தப் படத்தை அனுப்பு. என் தம்பி காட்டுனான். வேற எதுலயும் அவரு சிரிக்கல. மாட்டி வைக்கணும்."

அது என்ன படம், எதற்கு எடுத்தார்கள், கடைசியில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினேன். "அது எனக்குத் தெரியும். நான் நல்லாருக்கன்னு எங்கிட்ட சொல்ற மாதிரி இருக்குது, அதான்" என்றார்.

படத்தை எடுத்து வெட்டினேன். சேஃப்டி ஆபீசரை வெட்டினேன். பின்னாலிருந்த பதாகையை வெட்டினேன். டமாஸ் வேலியை வெட்டினேன். சிரிப்பும் கட்டைவிரலும் நன்றாகத் தெரிந்தன. சட்டைப் பையின் மேல் கம்பெனியின் சின்னம் இருந்தது. அதையும் எடுத்துவிடலாம் என்று எப்படியெல்லாமோ பார்த்தேன். முடியவில்லை. அதை வெட்டினால் அவருடைய நெஞ்சையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. அப்படியே அனுப்பினேன்.